கடற்கழிக்கு அக்கரை: விரும்பிப் போனவர்களும் அனுப்பப்படுகிறவர்களும்

புது தில்லி: ஒருபுறம் மலை, மறுபுறம் கடற்கழி, சற்றுத் தள்ளி வயல்வெளி, ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் மாநகரம். மும்பையின் நெரிசலில் காலம் கழிப்பவர்களுக்கு இப்படியோர் ஊரின் மீது ஆசை பிறப்பது இயல்பே. கடந்த நாற்பது ஆண்டுகளில் மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளைச் சேர்ந்த ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் இந்த ஆசையோடுதான் தாணே கடற்கழியைக் கடந்து நவி மும்பையில் குடியேறின. அவர்களில் பெரும்பாலோர் அந்த முடிவுக்காக வருந்தியதில்லை.

இப்போது அதே கடற்கழியின் இக்கரையில் உள்ள உப்பளங்களும் ஒரு குப்பைமேடும், தாராவி மக்களில் ஒரு பகுதியினரைக் குடியமர்த்துவதற்காக ஒதுக்கப்பட்டுள்ளன. அவர்களிலும் தமிழர்கள் கணிசமாக இருப்பர். வரைபடத்தில் பார்த்தால் இரு குடியேற்றங்களும் நீர்க்கரையை நோக்கியே செல்கின்றன. ஆனால், முதலாவது விருப்பத்தின் பேரில் நடந்தது. இரண்டாவது அரசாணையின் பேரில் நடக்கவிருக்கிறது. உப்பள நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமானது என்பதால் இந்தப் பிரச்னையில் தில்லிக்கும் நேரடிப் பொறுப்பு உண்டு.

மும்பைக்கு ஓர் இரட்டை நகரம்

நவி மும்பை முதலில் ஒரு பத்திரிகைக் கட்டுரையாகத்தான் உருவெடுத்தது. கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரீஷ் படேல் ஆகிய மூவரும் 1965-ல் "மார்க்' இதழில் ஒரு திட்டத்தை முன்வைத்தனர். வடக்கு நோக்கி நீண்டுகொண்டே போகும் தீவு நகரத்துக்குக் கிழக்கே, துறைமுகத்துக்கு அக்கரையில், ஓர் இரட்டை நகரத்தை அமைத்தால் நெரிசல் குறையும் என்பது அவர்கள் வாதம். மாநில அரசு அதை ஏற்று, 1970 மார்ச்சில் "சிட்கோ' நிறுவனத்தைத் தோற்றுவித்தது. தாணே, பன்வேல், உரண் வட்டங்களில் 95 கிராமங்களை உள்ளடக்கிய 344 சதுர கிலோமீட்டர் பரப்பு புதிய நகரத்துக்கென அறிவிக்கப்பட்டது.

திட்டத்தின் பொருளாதாரம் எளிமையானது. விவசாய நிலத்தைக் குறைந்த விலைக்குக் கையகப்படுத்தி, சாலையும் குடிநீரும் அமைத்து, மேம்படுத்திய மனையாக விற்று, அந்த லாபத்தைக் கொண்டே நகரத்தைக் கட்டுவது. ஏழைகளுக்கும் அதில் இடம் உண்டு என்று திட்டமிட்டவர்கள் கருதினர். பேலாப்பூரில் மலையடிவாரத்தில் கொரியா 1980-களில் அமைத்த "ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்' குடியிருப்பு, சிறிய வீடும் முற்றமுமாகத் தொடங்கி, வருமானம் கூடும்போது குடும்பமே வீட்டைப் பெருக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் உருவானது.

எனினும், திட்டத்தின் முதன்மையான கூறு நிறைவேறவில்லை. அரசின் தலைமையகம் அக்கரைக்கு மாற்றப்படும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. நரிமன் முனையில் கடலைத் தூர்த்து அலுவலகக் கோபுரங்கள் எழுப்பப்பட்டதால் வேலைவாய்ப்புகள் தென் மும்பையிலேயே தங்கிவிட்டன. 1973-ல் வாஷி பாலம் திறக்கப்பட்ட பின்னரும் புதிய நகரம் மெதுவாகவே வளர்ந்தது. 1992 மே மாதம் மான்குர்டிலிருந்து வாஷிக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. மலையும் கடலும் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தன. மக்களை அழைத்து வந்தது ரயில்தான்.

மாட்டுங்காவிலிருந்து வாஷிக்கு

மாட்டுங்காவே ஒரு காலத்தில் "ஊருக்கு வெளியே' இருந்த பகுதி என்பதை இன்றைய தலைமுறை மறந்திருக்கலாம். 1896-ல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர், 1898-ல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற வீதிகளும் மரங்களும் கொண்ட புறநகர்களைத் திட்டமிட்டது. ரயில்வேயிலும் வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தர் பணிக்கு வந்த தென்னிந்தியர்கள் அங்கு குடியேறினர். ஆஸ்திக சமாஜமும், 1932-ல் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கமும், அருகே சண்முகானந்த சபையும் அந்த வாழ்க்கையின் அடையாளங்களாயின. பின்னர் அணு ஆராய்ச்சி மையம், உர ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் ஆகியவற்றின் பணியாளர்களாக மற்றொரு பிரிவினர் செம்பூருக்கு வந்தனர். சேடா நகர் முருகன் கோயில் அவர்களது சங்கம இடமாயிற்று.

இவர்களது இரண்டாம் தலைமுறைக்கு இடம் போதவில்லை. 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் மிகக் குறைந்த வாடகையில் இருந்த பழைய குடியிருப்புகளை விடவும் மனமில்லை. அவற்றில் மகன், மருமகள், பேரக் குழந்தைகளோடு வாழவும் இடமில்லை. அதே மாட்டுங்காவில் சொந்த வீடு வாங்குவது மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டாக் கனியாயிற்று. செம்பூரிலோ ஆலைப் புகை பெருங்கவலை. அந்த நிலையில் வாஷி, நெருல் பகுதிகளின் விலை கைக்கு எட்டுவதாக இருந்தது.

கல்விக்கூடங்களும் கோயில்களும் இவர்களைப் பின்தொடர்ந்தன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் நெருலில் பெரிய வளாகத்தை அமைத்தது. வாஷியில் தமிழ்ச் சங்கம் இயங்கத் தொடங்கியது. மும்பையின் மொத்தக் காய்கறி, பழச் சந்தைகள் வாஷிக்கு மாற்றப்பட்டதால் வணிகமும் பெருகியது. நவி மும்பை மாநகராட்சி 1992-ல் உருவானது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 11 லட்சத்தைத் தாண்டியது.

இந்தக் குடியேற்றம் வெற்றி பெற்றதற்கான காரணங்கள் தெளிவானவை. போனவர்களுக்கு நிலையான ஊதியம் இருந்தது. வங்கி கடன் கொடுத்தது. வீடு அவர்கள் பெயரில் பதிவானது. வேலைக்கு ரயில் இருந்தது. பிடிக்காவிட்டால் திரும்பிவரப் பழைய வீடும் பலருக்கு இருந்தது. இத்தனைக்கும் மேலாகத்தான் பார்சிக் மலையின் பசுமையும் கடற்கழிக்கு வரும் பூநாரைகளும் அவர்களுக்குக் கிடைத்தன.

கிராமங்கள் கொடுத்த விலை

இந்த ஈர்ப்புக்கு வேறு சிலர் விலை கொடுத்தனர். 95 கிராமங்களிலும் நெல் விளைவித்த ஆக்ரி சமூகத்தவர்க்கும், மீன்பிடித்த கோலி சமூகத்தவர்க்கும் புதிய நகரம் நில இழப்பாகவே வந்து சேர்ந்தது. இழப்பீடு போதாது என்று விவசாயிகள் தொழிலாளர் கட்சித் தலைவர் டி.பி. பாட்டீல் தலைமையில் அவர்கள் போராடினர். 1984 ஜனவரி 16, 17 தேதிகளில் உரண் அருகே ஜாசயி பகுதியில் நடைபெற்ற போராட்டத்தின்போது போலீஸார் துப்பாக்கியால் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். கையகப்படுத்திய நிலத்தில் 12.5 சதவீதத்தை மேம்படுத்திய மனையாக உரிமையாளர்களுக்கே திருப்பித் தரும் திட்டம் 1990-ல் ஏற்கப்பட்டது இந்தப் போராட்டத்தின் விளைவே. நாட்டின் நில எடுப்பு வரலாற்றில் இது ஒரு முன்னோடி எனலாம்.

கதை அத்துடன் முடியவில்லை. நவி மும்பை விமான நிலையத்துக்காகப் பத்துக் கிராமக் குடியிருப்புகள் இடம்பெயர்க்கப்பட்டன. உல்வே குன்று வெட்டிச் சமன் செய்யப்பட்டது, ஆறு திசைதிருப்பப்பட்டது. 2025 அக்டோபர் 8-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி விமான நிலையத்தைத் திறந்துவைத்தார். அதற்கு டி.பி. பாட்டீலின் பெயரைச் சூட்ட வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் நீள அடல் சேது கடற்பாலம் தென் மும்பையையும் உரண் பகுதியையும் மேலும் நெருக்கமாக்கியுள்ளது. நிலத்தின் விலை ஏறுகிறது. எதைக் கண்டு மக்கள் குடியேற விரும்பினார்களோ, அந்த வயலும் சதுப்பும் அதே விருப்பத்தால் சுருங்கி வருகின்றன. தாணே கடற்கழியின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயமாகவும், 2022-ல் "ராம்சர்' ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது இதற்கிடையே ஓர் ஆறுதல்.

சீட்டா கேம்ப் கற்பித்த பாடம்

கடற்கரைக்கு ஏழைகள் "மாற்றப்படுவது' மும்பைக்குப் புதிதல்ல. மான்குர்டில் அணு ஆராய்ச்சி மைய ஊழியர் குடியிருப்பை ஒட்டி ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி இருந்தது. சுமார் 70 ஆயிரம் பேர் வசித்த அந்தப் பகுதியில் தமிழர்களும் திரளாக இருந்தனர். அந்த நிலம் தனக்குத் தேவை என்றது ஆராய்ச்சி மையம். குடியிருப்பைக் காக்கும் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். நீதிமன்றத்திலும் தெருவிலும் தில்லியிலும் அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஜனதா காலனி அப்புறப்படுத்தப்பட்டது. மக்கள் டிராம்பே கடற்கழியோரச் சதுப்பில் சீட்டா கேம்ப் என்ற இடத்தில் விடப்பட்டனர். அங்கு கடல் அருகில் இருந்தது, காற்றும் வீசியது. ஆனால், தரையை மண் கொட்டி மேடாக்குவதும் வீடு கட்டுவதும் அவர்கள் தலையில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பில் அவர்கள் அதை ஊராக்கினர். இன்றும் அதன் தெருக்களில் தமிழ் ஒலிக்கிறது. ஜோக்கின் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கினார், 2000-ல் மகசேசே விருதும், 2011-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார், 2018-ல் காலமானார். குடிசைவாசிகளே தங்களைக் கணக்கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய வழிமுறை. அரசின் எண்ணிக்கையில் விடுபடுபவருக்கு மாற்று வீட்டில் இடம் கிடையாது என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

அண்மைக் கால உதாரணமும் செம்பூரை ஒட்டியே உள்ளது. தண்ணீர்க் குழாய்ப் பாதையோரத்திலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த மாஹுலில் அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டன. மாஹுல் பகுதியில் காற்று மாசால் மக்களின் உடல்நலத்துக்கு அபாயம் உள்ளது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே கூறியிருந்தது. அங்கு வாழ இயலாது என்று மக்கள் போராடினர். வேறு வீடு தர இயலாவிட்டால் மாதம் ரூ. 15 ஆயிரம் வாடகையும், ரூ. 45 ஆயிரம் முன்பணமும் வழங்குமாறு மும்பை உயர் நீதிமன்றம் 2019-ல் அரசுக்கு உத்தரவிட்டது. கான்கிரீட் வீடு கிடைத்தும் மக்கள் அதை விட்டு வெளியேறத் துடித்தது ஏன் என்பதைத் தாராவித் திட்டத்தை வகுப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாராவியில் நடப்பது என்ன?

தாராவியும் கடற்கழியோரக் கோலி மீனவர் கிராமமாகத் தொடங்கியதுதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கு வந்தது. அந்தத் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்களும் இஸ்லாமியர்களும் தாராவிக்கு வந்தனர். 1971-ல் பாந்த்ரா இறைச்சிக்கூடம் தேவனாருக்கு மாற்றப்பட்ட பின்னர் தோல் பதனிடுதல் படிப்படியாகக் குறைந்தது. ஆனால், தோல் பொருள் தயாரிப்பு நிலைத்தது. இட்லி, முறுக்கு வியாபாரம் வளர்ந்தது. விடியற்காலையில் தாராவிச் சந்துகளில் வேகும் இட்லி, பொழுது விடிந்ததும் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் மும்பையின் பல பகுதிகளுக்கும் போகிறது. மேற்கு, மத்திய, துறைமுக ரயில் பாதைகள் மூன்றும் நடந்து செல்லும் தூரத்தில் இருப்பதே இந்தத் தொழிலின் மூலதனம்.

பாந்த்ரா - குர்லா வணிக வளாகத்தை ஒட்டியிருப்பதால் இன்று அந்த நிலத்தின் மதிப்பு பல மடங்கு உயர்ந்துவிட்டது. 1985-ல் ராஜீவ் காந்தி அறிவித்த ரூ. 100 கோடி பிரதமர் நிதித் திட்டம் தொடங்கி, 2004-ல் மாநில அரசு ஏற்ற மறுசீரமைப்புத் திட்டம் வரை பல முயற்சிகள் அரைகுறையாக நின்றன. 2022 நவம்பரில் அதானி குழுமம் ரூ. 5,069 கோடிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரித் தேர்வானது. திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 சதவீதமும், மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்கு. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது.

விதி இதுதான். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின்னர் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் கீழ் ரூ. 2.5 லட்சம் செலுத்த வேண்டும். அதற்கும் பின்னர் வந்தவர்களுக்கும், மாடியில் வசிப்பவர்களுக்கும் வெளியே வாடகை - தவணை முறையில் வீடு. தகுதியுள்ள தொழிற்கூடங்களுக்கு 225 சதுர அடி இலவசம். தகுதியற்றோருக்கும் வீடு தருவது நாட்டிலேயே இத்திட்டம்தான் என்கிறது அரசுத் தரப்பு. அதில் உண்மை இருக்கிறது. வழக்கமான குடிசை மாற்றுத் திட்டங்களில் அவர்கள் வெறுங்கையோடுதான் அனுப்பப்படுகின்றனர்.

"வெளியே' என்பது எங்கே என்பதுதான் சிக்கல். கஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பளம், தேவனாரில் குப்பைக் கிடங்கின் 124 ஏக்கர், மாலாட் அருகே அக்சா - மால்வணியில் 140 ஏக்கர், குர்லாவில் பால்பண்ணை நிலம் 21 ஏக்கர் ஆகியவை 2024-ல் இதற்கென ஒதுக்கப்பட்டன. உப்பளங்கள் மழைநீரையும் கடல் ஏற்றத்தையும் தாங்கும் வடிகால்கள் என்பது சூழலியலாளர்களின் வாதம். தேவனாரில் 1927 முதல் குப்பை கொட்டப்படுகிறது. 2016-ல் அங்கு மூண்ட தீயின் புகை நாள்கணக்கில் நகரைச் சூழ்ந்தது. மூடப்பட்ட குப்பைக் கிடங்குகளில் 15 ஆண்டுகளுக்குக் குடியிருப்புகள் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. தேவனாரோ மூடப்படாத நிலையிலேயே ஒதுக்கீடு பெற்றது. குப்பையை அகற்றி நிலத்தைச் சீர்படுத்திய பிறகே பயன்படுத்துவோம் என்பது அதிகாரிகளின் பதில்.

யாரையும் வெளியே அனுப்பக் கூடாது, அனைவருக்கும் தாராவியிலேயே 500 சதுர அடி வீடு வேண்டும் என்பது "தாராவி பசாவ் ஆந்தோலன்' கூட்டமைப்பின் கோரிக்கை.

தேதியே தலைவிதி

தாராவித் தமிழர்களுக்கு ஆவணத் தேதிகளால் வரும் இன்னல் புதிதல்ல. தமிழகத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் வேறு மாநிலத்தில் குடியேறினால், அந்த மாநிலத்தில் அதே சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990, 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் கூறியது. 2018-லும் அதை உறுதிசெய்தது. 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் வசித்ததற்கான சான்று கேட்கப்படுகிறது. தோல் கிடங்கில் கூலி வேலை பார்த்த பாட்டனாரிடம் எந்தச் சான்று இருந்திருக்கும்? இப்போது வீட்டுக்கும் தேதி. ஒரே குடும்பத்தில் கீழே வசிக்கும் தந்தைக்குத் தாராவியிலும், மாடியில் வசிக்கும் மகனுக்கு முலுண்டிலும் வீடு என்ற நிலை ஏற்படலாம்.

"அப்படியானால் நெல்லைக்கே திரும்பிவிடலாமே' என்பாரும் உண்டு. தாமிரவருணிக் கரை, வயல், ஒன்றரை மணி நேரத் தொலைவில் திருச்செந்தூர்க் கடல் என அந்த ஊருக்கும் ஈர்ப்பு உண்டு. ஓய்வுபெற்றோர் சிலர் திரும்பியும் போகின்றனர். ஆனால், மும்பையில் பிறந்து, மராத்தியும் இந்தியும் பேசி, அங்கேயே வாக்களிக்கும் மூன்றாம், நான்காம் தலைமுறைக்கு ஊர் என்பது தாராவிதான். 1960-களின் பிற்பகுதியில் சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ந்தபோதும் அவர்கள் அங்கிருந்து போகவில்லை.

தில்லி செய்ய வேண்டியது

உப்பள நிலத்தை மாநிலத்துக்கு மாற்ற ஒப்புதல் தந்தது மத்திய அரசு. தாராவியை ஒட்டிய ரயில்வே நிலமும் மத்திய அரசின் வழியே திட்டத்துக்கு வந்தது. தாராவிக்கு வெளியே தரப்படும் வீடுகளும் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே, நிபந்தனை விதிக்கும் அதிகாரம் தில்லியிடம் இருக்கிறது. நிலம் குடியிருக்கத் தக்கது என்பதைச் சுதந்திரமான ஆய்வு உறுதிசெய்ய வேண்டும். ரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் வீட்டுக்கு முன்பே வர வேண்டும். கீழும் மேலும் வசிக்கும் ஒரே குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது. வீட்டிலேயே தொழில் செய்பவர்க்கு வீட்டோடு தொழிலிடமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போக மறுப்பவருக்குத் தாராவியிலேயே ஒரு மாற்று இருக்க வேண்டும்.

மாட்டுங்காக்காரர் வாஷிக்குப் போனபோது இவை ஒவ்வொன்றும் அவருக்கு இருந்தன. 95 கிராமங்களுக்கு இவை போராட்டத்துக்குப் பிறகே, அதுவும் ஓரளவுக்கே கிடைத்தன. சீட்டா கேம்ப் மக்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தாராவி மக்கள் இந்த மூன்றில் எந்த வரிசையில் சேரப்போகிறார்கள் என்பது, உப்பளங்களில் முதல் அடுக்குமாடி எழும் முன்பே முடிவாக வேண்டிய விஷயம்.